ஐம்பதாவது பிறந்தநாளும் ஐம்பதடிக் கயிறும்

"லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கு?"

"இருபது இருக்கு சார்."

"கடைசியா எப்பத் துவைச்சீங்க?"

போனின் மறுமுனையில் இருந்த ஏரிப் படகுத்துறையின் மேனேஜரிடம் பன்னிரண்டு வருட சர்வீசில் யாரும் கேட்காத கேள்வி அது.

"சார், யார் பேசறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"சேஃப்டி ஆபீசர் பேசறேன்."

அதில் பொய் எதுவும் இல்லை. அவர் ஒரு பெயின்ட் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் சேஃப்டி ஆபீசர். போனை எடுத்தால் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். சொந்த மச்சானிடம் பேசினாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

கம்பெனியில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஜாக்கிரதை. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு நானும் இன்னொருத்தரும் வர்றோம்," என்றார் ஜாக்கிரதை. "நீங்க ஒன்பதுக்குத்தான் திறப்பீங்கன்னு தெரியும். எங்களுக்காக ஏழுக்குத் திறந்து வைங்க. அங்கே கூட்டம்னு ஒண்ணு இருக்கவே கூடாது. எல்லாம் சுத்தமா இருக்கணும். புரியுதா?"

"நல்லாப் புரியுது சார்," என்றார் மேனேஜர்.

ஜாக்கிரதை திருப்தியாகப் போனை வைத்தார். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவர் மனைவி, தலையில் கட்டியிருந்த துணியைச் சரி செய்துகொண்டாள்.

"ஏங்க, அவங்க உங்களை இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற ஆபீசர்னு நினைச்சிருப்பாங்க."

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்?"

"இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க வேற எப்படிச் சொல்வாங்க?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரி என்று பட்டது. உடனே மறுபடியும் போன் போட்டார்.

"இந்தாங்க, தப்பா எடுத்துக்காதீங்க. நான் இன்ஸ்பெக்ஷனுக்கு வரலை. என் மனைவிக்குப் பிறந்தநாள். அதுக்குத்தான் வர்றோம்."

"சரி சார். பிறந்தநாள்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "யார் கேட்டாலும் பிறந்தநாள்னுதான் சொல்லுவேன். ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது சார்."

மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பது முடிகிறது. மார்பில் கட்டி என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. ஐந்து முடிந்துவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி. கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று போன தடவை டாக்டர் சொன்னார். அன்று மனைவி வீடு வரும் வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தாள். ஜாக்கிரதை மட்டும், "பாதிதானே சுருங்கியிருக்கு," என்று நினைத்துக்கொண்டே காரை ஓட்டினார்.

அவருக்குப் பயம். இருபத்தெட்டு வருடமாகக் கூட இருப்பவள் இல்லாமல் போய்விடுவாளோ என்கிற பயம். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதர், அதனால் ஒரு நோட்டுப் போட்டார். நீள நோட்டு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளுடைய காய்ச்சல் அளவு, குடித்த தண்ணீர் எத்தனை டம்ளர், எத்தனை மணிக்குக் கண்ணை மூடினாள், எத்தனை தடவை இருமினாள், அந்த இருமல் வறட்டு இருமலா, இல்லை தொண்டையைச் செருமிக்கொண்டதா என்பதுவரை அதில் இருக்கும். அவள் டி.வி. பார்ப்பாள், அவர் அவளைப் பார்ப்பார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பல் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக ரிசப்ஷனில் இருக்கிறவள். கன்னம் வீங்கி, இப்பவே பல்லைப் பிடுங்கினால்தான் ஆச்சு என்று வருகிறவர்களைக்கூட "இதோ, அஞ்சு நிமிஷம்" என்று ஒரே வார்த்தையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிடுவாள். போனில் அவள் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் தானாகச் சரி என்பார்.

"பிறந்தநாளுக்கு என்ன வேணும்?" என்று போன வாரம் கேட்டிருந்தார்.

"ஒரு மணி நேரம்."

"எதுக்கு ஒரு மணி நேரம்?"

"ஏரியில பெடல் படகு இருக்கில்ல? அதுல உட்கார்ந்து ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிடணும். ஒரு மணி நேரம். அவ்வளவுதான்."

ஜாக்கிரதை உடனே ஆஸ்பத்திரி வார்டு சிஸ்டருக்குப் போன் போட்டார். அவருடைய நம்பரைப் பார்த்தாலே சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"தாராளமாப் போகட்டும் சார்," என்றார் சிஸ்டர். "ரத்தத்துல வெள்ளை அணு கவுன்ட் நல்லாவே ஏறியிருக்கு. கூட்டம் மட்டும் வேண்டாம். மாஸ்க் போட்டுக்கட்டும்."

"ஏரித் தண்ணி மேல தெறிச்சா?"

"ஏரியைக் குடிக்காதவரைக்கும் ஒண்ணும் ஆகாது சார்."

சிஸ்டர் விளையாட்டாகச் சொன்னார். இவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜாக்கிரதை கடைக்குப் போய் ஐம்பதடி நைலான் கயிறும், இன்னொரு தெர்மாமீட்டரும் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது மனைவி போனை வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"ஒரு அப்பாயின்ட்மென்ட் விஷயம்."

கிளினிக் விஷயமாக்கும் என்று அவர் மேலே கேட்கவில்லை.

"கயிறு எதுக்குங்க?"

"படகுல கட்டறதுக்கு. ஒரு முனை படகுல, இன்னொரு முனை கரையில. காத்து அடிச்சு அந்தப் பக்கம் போயிட்டா?"

"அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு வரலாம்."

"பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கும்," என்றார். கயிற்றை மடித்து, இழுத்துப் பார்த்து, பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் ஏரிக்கரையில் நின்றது. ஜாக்கிரதையின் இரண்டு தோளிலும் இரண்டு பை. குடை, மெத்தை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கை துடைக்கும் மருந்து, மாற்று மாஸ்க் ஆறு, தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று. மனைவி கையை வீசிக்கொண்டு இறங்கினாள்.

"பெயின்ட் வாசனை வருதே," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே," என்றார் அவர். இருபத்தாறு வருடமாக அந்த வாசனைக்குள்ளேயே இருந்தவர் மூக்குக்கு அது காற்று மாதிரிதான்.

படகுத்துறைக்குத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மரப்பலகைத் துறையின் இரண்டு பக்கமும் வரிசையாகப் பதினெட்டுப் பேர். சலவைச் சட்டை, வாரிய தலை, விறைத்த உடம்பு. படகு தள்ளுகிறவர்கள், நீச்சல்காரர்கள், தோட்டக்காரர், பெருக்குகிறவர்கள். லீவில் போனவர்களைக்கூடக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். முன்னால் ஒரு பெரிய பூங்கொத்துடன் மேனேஜர்.

"கூட்டம் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"கூட்டம் ஒண்ணும் இல்லை சார். எல்லாம் நம்ம ஸ்டாஃப்."

"ஆறடி தள்ளி நில்லுங்க! ஒவ்வொருத்தரும் ஆறடி!"

பதினெட்டுப் பேரும் ஆறடி தள்ளி நின்றார்கள். வரிசை நீண்டு துறையின் கடைசிவரை போய்விட்டது. இப்போது யாரோ மந்திரி வருகிறார் என்றே தோன்றும்.

மேனேஜர் பூங்கொத்தை நீட்டினார். ஜாக்கிரதை இரண்டடி பின்வாங்கினார். மனைவிக்கு இந்த நேரத்தில் புதுப் பூவில் இருக்கும் கிருமி ஆகாது என்று அவர் எங்கோ படித்திருந்தார்.

"அதெல்லாம் கூடாது. எடுத்துட்டுப் போயிடுங்க."

"கை நீட்டாத ஆபீசர்டா," என்று வரிசையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். ஆறடி தள்ளி நின்றதால் அது எல்லோர் காதிலும் விழுந்தது.

"இங்கே பாருங்க," என்றார் ஜாக்கிரதை நொந்துபோய். "நான் எந்த இன்ஸ்பெக்ஷனுக்கும் வரலை. இவங்களுக்கு இன்னைக்குப் பிறந்தநாள். அதுக்குத்தான் வந்திருக்கோம்."

மேனேஜர் கண்ணைச் சிமிட்டினார். பிறகு வரிசையைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"ஹேப்பி பர்த்டே மேடம்!" என்று பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஏரியில் உட்கார்ந்திருந்த பறவைகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

"தேங்க்ஸ்," என்றாள் மனைவி. மாஸ்குக்கு மேல் அவள் கண் இரண்டும் சிரித்தன. டிக்கெட் கவுன்டரில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நடுத்தர வயது அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அந்த அம்மாவும் தலையசைத்தார்.

ஏழாம் நம்பர் படகு கிடைத்தது. மஞ்சள் நிறம், இரண்டு பேர் உட்காரலாம். ஜாக்கிரதை மருந்துத் துணியால் ஸீட்டைத் துடைத்தார், பெடலைத் துடைத்தார், படகின் கைப்பிடியைத் துடைத்தார். மெத்தையைப் போட்டார். மனைவி ஏறி உட்கார்ந்தாள். கயிற்றின் ஒரு முனையைப் படகின் வளையத்தில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனையை மேனேஜரிடம் கொடுத்தார்.

"கெட்டியாப் பிடிச்சுக்கணும். நான் மிதிப்பேன், அவ சும்மா உட்கார்ந்திருப்பா. நான் கை தூக்கினா இழுக்கணும்."

"உயிரே போனாலும் விடமாட்டேன் சார்."

ஜாக்கிரதை ஒரு காலைத் தூக்கிப் படகில் வைக்கப் போனார்.

"சார்," என்று பின்னால் ஒரு குரல். டிக்கெட் கவுன்டர் அம்மா. கையில் தீயணைக்கும் சிலிண்டர். "இதுல தேதி போட்டிருக்கு. சரியா இருக்கா, கொஞ்சம் பாருங்களேன்."

ஜாக்கிரதை பார்த்தார். தூக்கிய கால் கரைக்கே திரும்பி வந்துவிட்டது.

"காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சேம்மா!"

"அப்படியா சார்? எங்களுக்கு யாரு சொல்றா?"

அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு சேஃப்டி ஆபீசர் படகில் ஏறிப் போவதா? அவர் மனைவியைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், மறுபடியும் மனைவியைப் பார்த்தார்.

"நீங்க பாருங்க," என்றாள் அவள். "நான் இப்படி ஓரமாவே இருக்கேன். தண்ணி இடுப்பளவுதான். கயிறு வேற இருக்கு. அஞ்சு நிமிஷம்."

கயிறு இருக்கிறது என்பது அவருக்கும் பெரிய தைரியம். மஞ்சள் படகு மெதுவாக நகர்ந்தது.

சிலிண்டரை முடித்துவிட்டு ஏரிப் பக்கம் திரும்பினார். எதிரே முதலுதவிப் பெட்டியுடன் டிக்கெட் அம்மா நின்றார். திறந்தால் ஒரு சீப்பு, ஒரு சீட்டுக்கட்டு, யாருடையதோ ஒரு மூக்குக்கண்ணாடி. பஞ்சு ஒரு துணுக்குக்கூட இல்லை.

"இதுல முதலுதவி எங்கேம்மா இருக்கு?"

"அதைத்தான் சார் நானும் ரொம்ப நாளாத் தேடறேன்."

அவருக்கு ரத்தம் சூடேறியது. மேனேஜரைக் கூப்பிட்டு என்னென்ன வாங்க வேண்டும் என்று சொன்னார். மேனேஜர் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறுகையால் எழுதினார். அது முடிந்து திரும்பினால், ஊதினால் சத்தம் வராத விசில். அதுவும் முடிந்தால், போன வருடத்தோடு நின்றுபோன நீச்சல்காரர் பயிற்சிப் பதிவுப் புத்தகம். அந்த அம்மாவிடம் சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஜாக்கிரதை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பதினெட்டுப் பேரையும் அரைவட்டமாக, ஆறடி ஆறடி தள்ளி, உட்கார வைத்தார்.

"தண்ணில விழுந்தவரைத் தூக்கியாச்சு. அடுத்து என்ன செய்வீங்க?"

"வீட்டுக்கு அனுப்பிடுவோம் சார்."

"அதுதான் தப்பு! படுக்க வைக்கணும். கம்பளி போர்த்தணும். இருபது நிமிஷம் அசைய விடக்கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை உடம்புச் சூடு பாத்து நோட்டுல எழுதணும். எனக்கு ஒண்ணுமில்லை, விடுங்கன்னு அவரு கத்துவாரு. எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க. விடவே கூடாது!"

"விடவே கூடாது," என்று பதினெட்டுப் பேரும் எழுதிக்கொண்டார்கள்.

கம்பெனியில் அவர் பேச ஆரம்பித்தால் ஆட்கள் நைசாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். இங்கே என்னடா என்றால், கேள்வி கேட்கிறார்கள், சந்தேகம் கேட்கிறார்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஜாக்கிரதை சந்தோஷமாக இருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

அப்போது ஏரியில் யாரோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவள்தான். வாத்து ஒன்று படகின் முனையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அவள் அதனிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு ஐஸ்க்ரீம் கப். அது எப்போது, எப்படி அவள் கைக்குப் போனது என்று அவருக்குப் புரியவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார். நினைத்ததும் வாட்ச் ஞாபகம் வந்தது.

மணி ஏழு ஐம்பது. ஏழரை மணிக்குப் பார்க்க வேண்டிய காய்ச்சலைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. நாற்பது நிமிடமாக நோட்டைத் திறக்கவே இல்லை.

"போதும், வந்துடு!" என்று கத்தினார்.

"அஞ்சு நிமிஷம்!" என்று ஏரியிலிருந்து பதில் வந்தது.

"அஞ்சு நிமிஷமெல்லாம் இல்லை! மேனேஜர், இழுங்க கயித்தை!"

மேனேஜர் இழுத்தார். கயிறு லேசாக, சுலபமாக, மிகவும் பணிவாக வந்தது. ஐம்பதடியும் வந்து முடிந்தது. கடைசியில் வெறும் முனைதான் இருந்தது. படகு மட்டும் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

நாலு சுற்று முடிச்சு. அவரே போட்டது. எப்படி அவிழ்ந்தது?

"ஐயோ!" என்று துறையின் விளிம்புக்கு ஓடினார். அவர் போன் போட்ட நாளிலிருந்து மேனேஜர் ராப்பகலாக வேலை வாங்கித் துறை முழுவதற்கும் பெயின்ட் அடித்திருந்தார். மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. விளிம்பில் கடைசிக் கோட்டை விடியற்காலையில்தான் இழுத்திருந்தார்கள். ஈரப் பெயின்ட்டில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஜாக்கிரதை தன் கம்பெனியில் வருடத்துக்கு நாலு தடவை வகுப்பு எடுக்கிறவர்.

தொபீரென்று ஏரியில் விழுந்தார்.

விழுந்த வேகத்திலேயே எழுந்தும் நின்றார். தண்ணீர் இடுப்புவரைதான் இருந்தது. ஆனால் அதை யார் கவனித்தார்கள்? ஆபீசர் பரீட்சை வைக்கிறார் என்று படகுத்துறை முழுவதற்கும் புரிந்துவிட்டது.

"ஆளு விழுந்தாச்சு!" என்று மேனேஜர் அலறினார். ஐந்து மிதவை வளையங்கள் பறந்து வந்தன. ஒன்று அவர் கழுத்தில் மாலையாக விழுந்தது. நாலு பேர் குதித்தார்கள். நின்றுகொண்டிருந்த மனிதரைக் கஷ்டப்பட்டுப் படுக்க வைத்து, நீந்திக் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் சார்!" மேனேஜர் வாட்சைக் காட்டினார். "அடுத்த தடவை இன்னும் குறைச்சுடறோம்!"

"எனக்கு ஒண்ணுமில்லை, விடுங்க!"

"எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க," என்றார் ஒருவர் நோட்டைப் பார்த்து.

"விடவே கூடாது," என்றார் இன்னொருவர்.

பெஞ்சில் படுக்க வைத்தார்கள். கம்பளி போர்த்தினார்கள். அவர் பையிலிருந்தே தெர்மாமீட்டரை எடுத்து, அவர் மருந்தாலேயே துடைத்து, அவர் வாயிலேயே வைத்தார்கள். "ம்ம்! ம்ம்ம்!" என்றார் ஜாக்கிரதை. அதையும் ஒருவர் எழுதிக்கொண்டார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருவர் குனிந்து முகத்தைப் பார்த்தார். கண்ணைத் திறந்தால் ஏன் திறந்தார் என்று கேட்டார்கள். மூடினால் ஏன் மூடினார் என்று கேட்டார்கள். ஒரு தடவை இருமினார், உடனே மூன்று பேர் ஓடி வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் அவர்மேல் அக்கறைதான். ஆனாலும் பத்தாவது நிமிடத்தில் ஜாக்கிரதைக்கு, எழுந்து எங்கேயாவது ஓடிப்போய் ஒரு நிமிடம் தனியாக நின்றால் போதும் என்று ஆகிவிட்டது.

சட்டென்று அவருக்கு வீட்டுச் சோபாவின் ஞாபகம் வந்தது. அதில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவளின் ஞாபகமும் வந்தது. அதன் பிறகு அவர் கத்தவில்லை. கம்பளிக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தார்.

சரியாக எட்டேகாலுக்கு மஞ்சள் படகு தானாகத் துறைக்கு வந்து சேர்ந்தது. மனைவி நிதானமாக இறங்கி, ஈரக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்து நடந்து வந்தாள். மாஸ்க் தாடைக்கு இறங்கியிருந்தது. தலைத் துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. காலை வெயில் அவள் மொட்டைத் தலையில் அடித்தது. முகத்தில் ஒரு நிறம் வந்திருந்தது.

குடையைப் பிடி என்று சொல்லத்தான் ஜாக்கிரதை வாயைத் திறந்தார். வாயில் தெர்மாமீட்டர் இருந்தது. அது ரொம்ப நல்லதாகப் போயிற்று. இவள் எவ்வளவு அழகு என்று அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படிச் சும்மா பார்த்தே ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"எவ்வளவு இருக்கு?" என்று அவள் மேனேஜரிடம் கேட்டாள்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு மேடம்."

"எழுதி வைங்க. மறந்துடப் போறீங்க."

தெர்மாமீட்டரை எடுத்ததும் அவர் முதலில் கேட்டது, "கயிறு எப்படி அவிழ்ந்தது?" என்றுதான்.

"நீங்க சரியாக் கட்டலையோ என்னவோ," என்று சொல்லிவிட்டு அவள் ஏரியைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஏங்க, ஒரு விஷயம் தெரியுமா? ஐஸ்க்ரீம் இனிச்சுது."

"என்னது?"

"இனிச்சுது. இத்தனை நாளா எதை வாயில வச்சாலும் தகரத்தை நக்கற மாதிரி இருக்கும்ல? இன்னைக்கு வெனிலா வெனிலாவாவே இருந்துச்சு. சந்தேகமா இருந்துச்சு, அதனால இன்னொண்ணும் சாப்பிட்டுப் பாத்தேன். அதுவும் இனிச்சுது."

இரண்டு ஐஸ்க்ரீமா, தேதி பார்த்தாயா, மூடி சரியாக இருந்ததா என்று மூன்று கேள்விகள் அவர் தொண்டைவரை வந்தன. மூன்றையும் முழுங்கிவிட்டு, "மூணாவது வேணுமா?" என்று கேட்டார். கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. ஏரித் தண்ணீர் புரையேறிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தட்டினார்கள்.

புறப்படும்போது மனைவி காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இன்னும் ஒரு கீமோ இருக்கிறது, அதன் பிறகு ஆபரேஷன் இருக்கிறது, அதெல்லாம் அடுத்த வாரக் கதை. இப்போது அவள் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு, வாத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜாக்கிரதை சொட்டச் சொட்ட டிக்கெட் கவுன்டர் பக்கம் போனார். நோட்டு அவர் இடுப்பில் செருகியபடியேதான் இருந்தது. நனைந்து, ஐந்து மாதக் கணக்கும் நீல மையாகக் கலைந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஏனோ பெரிய வருத்தம் வரவில்லை. ஆனால் போகிற இடத்தில் நல்ல வேலையைப் பார்த்தால் பாராட்டாமல் போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். இங்கே பொறுப்புத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். நான் கேக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணொண்ணா எடுத்துட்டு வந்து காட்டினீங்க பாருங்க, இருபத்தாறு வருஷ சர்வீசுல இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை."

டிக்கெட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு என்ன சார் தெரியும்? நேத்து சாயங்காலம் மேடம்தான் போன் பண்ணி, 'அஞ்சு மாசமா அவரு என்னை மட்டுமே இன்ஸ்பெக்ஷன் பண்ணிட்டிருக்காரும்மா, பிறந்தநாளைக்கு ஒரு மணி நேரம் வேற எதையாவது காட்டி வைங்க, படகுக்கு ஐஸ்க்ரீம் அனுப்பிடுங்க'ன்னு கேட்டாங்க. என்கிட்ட நாப்பது நிமிஷத்துக்குத்தான் சாமான் இருந்துச்சு சார், நல்லவேளை, மீதி இருபது நிமிஷத்துக்கு நீங்களே தண்ணில விழுந்துட்டீங்க!"